விண்வழி கண்ட பள்ளியாசிரியர்

தோற்றுவாய்

நிலத்திற் பிறந்த மனிதன் வானை நோக்கி ஏங்காத காலம் இல்லை. பறவையைக் கண்டு சிறகு வேண்டினான். மதியைக் கண்டு அதனை எட்டிப் பிடிக்க விரும்பினான். நம் திருத்தக்கதேவர், சச்சந்த மன்னன் கருவுற்ற தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி வான்வழியே போக்கிய வரலாற்றைச் சீவக சிந்தாமணியில் அமைத்துள்ளார். மேலைநாட்டாருள் ஜூல்ஸ் வெர்ன் என்னும் பிரெஞ்சுக் கதையாசிரியர், 1865-ஆம் ஆண்டில் மாபெரும் பீரங்கியொன்றால் மூவரைச் சந்திரனை நோக்கிச் செலுத்துவதாகக் கதை புனைந்தார். இவையெல்லாம் கற்பனையின் செல்வங்கள். எனினும் கற்பனை வேறு, கணக்கு வேறு. விண்ணிற் செல்ல வழி யாது, எத்துணை வேகம் வேண்டும், எத்துணை எரிபொருள் வேண்டும், சென்றவர் மூச்சுவிடுவது எங்ஙனம், உண்பது யாது என்று ஒவ்வொன்றாக வினவி, எண்ணின் துணைகொண்டு விடைகண்ட பெரியார் ஒருவர் உளர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர்; செல்வக்குடியிற் பிறந்தவரும் அல்லர். ருஷ்ய நாட்டுச் சிற்றூர்ப் பள்ளியிற் கணக்குக் கற்பித்த, செவிப்புலன் குன்றிய ஓர் ஏழை ஆசிரியர். கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி என்பது அவர் பெயர். அவர்தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு ஆராய்வாம்.

பிறப்பும் இளமையும்

சியோல்கோவ்ஸ்கி 1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், ரியாஸான் மாகாணத்து இஷெவ்ஸ்கோயே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் எட்வர்ட் என்பவர் காட்டிலாகாவில் அலுவல் பார்த்தவர், போலந்து மரபினர். தாயார் மரியா என்னும் பெயரினர். ஓடியாடி விளையாடிக் களித்த சிறுவனுக்குப் பத்தாம் வயதை அணுகுங் காலத்தே பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. பனிக்காலத்திற் சறுக்குவண்டி விளையாடிக் குளிர்பட்டவனைச் செங்காய்ச்சல் பற்றியது. உயிர் பிழைத்தான், செவியோ பெரும்பாலும் கேளாதாயிற்று. அன்றுமுதல் தோழரின் பேச்சும் நகையும் அவனுக்கு எட்டாப் பொருள்களாயின. பள்ளியிற் சேர்ந்தும், ஆசிரியர் கூறுவது செவியில் விழாமையின் நெடுநாள் தொடர இயலவில்லை. பதின்மூன்றாம் வயதில் அன்னையையும் இழந்தான்.

இத்துணை இடுக்கணும் ஒருங்கே வந்துற்றபோது, தந்தையாரிடம் இருந்த சில நூல்களே அவனுக்குத் துணையாயின. ஆசிரியர் இன்றித் தானே கற்கத் தொடங்கினான். படித்த முறைப்படி கோணம் அளக்கும் கருவி ஒன்றைத் தன் கையாற் செய்து, வீட்டைவிட்டு வெளியே அடியெடுத்து வையாமலே, ஊரிலிருந்த தீக்காவற் கோபுரம் எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணக்கிட்டான். 400 அர்ஷின், அஃதாவது ஏறத்தாழ 280 மீட்டர், என விடை வந்தது. உடனே சென்று நடந்து அளந்து பார்த்தான்; கணக்கு பொய்க்கவில்லை. அன்றே அவனுக்குக் கணக்கின்மீது அசையா நம்பிக்கை பிறந்தது. கால் செல்லா இடத்திற்கும் எண் செல்லும் என்னும் அவ்வுண்மையே பின்னாள் அவன் கண்டவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று எனலாம்.

மாஸ்கோ வாழ்க்கை

மகனுடைய அறிவுக்கூர்மையைக் கண்ட தந்தையார் 1873-ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், அவரை மாஸ்கோ நகருக்கு அனுப்பினார். அங்கு அவர் எக்கல்லூரியிலும் சேர்ந்தாரல்லர். செர்ட்கோவ் நூல்நிலையமே அவர்தம் கல்லூரி. அந்நிலையத்தில் அலுவல் பார்த்த நிக்கோலாய் ஃபியோடரோவ் என்னும் தத்துவ அறிஞர், கந்தையுடுத்துக் காது கேளாது வந்து அமரும் அவ்விளைஞரிடம் அன்பு காட்டி, வேண்டும் நூல்களை எடுத்துக் கொடுத்தார். தந்தையார் திங்கள்தோறும் அனுப்பிய பத்துப் பதினைந்து ரூபிளில் உணவுக்கெனச் செலவிட்டது ஒரு ரூபிளினும் குறைவு. கறுப்பு ரொட்டியும் தண்ணீருமே உணவு. எஞ்சிய பொருள் முழுவதும் நூல்களுக்கும், இரசத்துக்கும், அமிலங்களுக்கும் சென்றது. அமிலம் தெறித்து அவருடைய காற்சட்டையிற் பொத்தல்கள் விழுந்தன.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நாம் கருதற்குரியது. சுழலும் பொருளில் தோன்றும் மையவிலக்கு விசையைக் கொண்டு நிலவுலகைவிட்டு மேலெழலாம் என்று ஒருநாள் அவர் உள்ளத்தே ஓர் எண்ணம் தோன்றிற்று. மகிழ்ச்சி பொங்க, இரவு முழுவதும் உறங்காது மாஸ்கோத் தெருக்களில் அலைந்தார். விடிவதற்குள் தாம் நினைத்தது நடவாது என்பதைத் தாமே ஆராய்ந்து தெளிந்தார். ஆர்வம் உடையார் உலகிற் பலர். தம் ஆர்வத்தைத் தாமே தேர்வுக்கு உட்படுத்தி, தவறு எனக் கண்டவிடத்து அதனைக் கைவிட வல்லார் சிலரே. சியோல்கோவ்ஸ்கி அச்சிலருள் ஒருவர்.

ஆசிரியத் தொழில்

1876-ஆம் ஆண்டிற் பெற்றோர் இல்லம் திரும்பிய அவர், 1879-இல் ஆசிரியர் தேர்வில் தேறி, 1880-ஆம் ஆண்டு போரோவ்ஸ்க் என்னும் சிற்றூரிற் கணக்காசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டே அவ்வூர்க் குருவானவர் ஒருவரின் மகளாகிய வார்வாரா என்னும் நங்கையை மணந்தார். மணநாளன்று அவர் விருந்து வைத்திலர். அயலாரிடத்தில் கடைசற்பொறி ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார் என்றால், அவர்தம் உள்ளம் எதன்கண் ஊன்றியிருந்தது என்பது விளங்கும்.

நகரத்து அறிஞரோடு தொடர்பின்றித் தனித்து வாழ்ந்தமையால், பிறர் முன்னரே கண்டவற்றை அவர் மீண்டும் காண நேர்ந்தது. வாயுக்களின் இயக்கம்பற்றிப் பல நாள் முயன்று ஒரு கட்டுரை வரைந்து தலைநகர்ச் சங்கத்துக்கு விடுத்தார். அவ்வுண்மை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன்னரே வெளியாயிற்று என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. வேறொருவராயின் எழுதுகோலை எறிந்திருப்பர். அவரோ, தாம் தனித்துச் சென்றும் பேரறிஞர் சென்ற வழியிலேயே சென்றமை கண்டு ஊக்கமே கொண்டு மேலும் எழுதினார். 1883-ஆம் ஆண்டில், எடையற்ற வெற்றுவெளியில் பொருள்கள் இயங்குமாற்றைக் குறிப்பேடு ஒன்றில் வரைந்து, அவ்வெளியிற் செல்லுதற்குரிய வழி எதிர்விசையே எனக் குறித்தார்.

1887-இல் அவருடைய வீடு தீக்கிரையாயிற்று. நூல்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. 1892-ஆம் ஆண்டில் கலுகா நகருக்கு மாற்றப்பெற்றார். இறுதிநாள்காறும் அந்நகரே அவருக்கு உறைவிடமாயிற்று. 1897-இல் காற்றின் தடையை ஆராய்தற்குரிய காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தம் வீட்டிலேயே அமைத்தார். இவ்வாராய்ச்சியின்பொருட்டு அறிவியற் கழகத்தார் 470 ரூபிள் உதவினர். அவர்தம் வாணாளின் பெரும்பகுதியில் அரசியலார் அளித்த பொருளுதவி அஃதொன்றே எனலாம்.

விண்வழி

வானிற் செல்லுதற்குப் பீரங்கி உதவாது. குண்டினுள் இருப்போர் புறப்படும் அக்கணமே நசுங்கி மாள்வர். காற்றாடியும் சிறகும் உதவா; காற்றில்லாத இடத்தில் அவை எதனைப் பற்றித் தள்ளும்? திருவிழாக் காலத்துச் சிறுவர் விடும் வாணமோ இவ்விரு குறையும் அற்றது. அமைதியான ஏரியில் நிற்கும் ஓடமொன்றில் கற்களை நிரப்பி, உள்ளிருப்பவன் ஒவ்வொரு கல்லாகப் பின்னே வீசுவானாயின், ஒவ்வொரு வீச்சுக்கும் ஓடம் முன்னே நகரும். துடுப்பு வேண்டுவதில்லை. கற்கள் எதன்மீதும் மோதவேண்டுவதும் இல்லை. வாணம் புகையைப் பின்னே வீசி முன்செல்வதும் இம்முறையே. ஆதலின் காற்றில்லா வெளியிலும் வாணம் செல்லும். காற்றின் தடை இன்மையால் இன்னும் நன்றாகவே செல்லும்.

இம்மட்டில் நின்றிருப்பின் சியோல்கோவ்ஸ்கியும் கதையாசிரியருள் ஒருவராகவே எண்ணப்பட்டிருப்பார். அவர் மேலும் சென்று, எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று கணக்கிட்டார். அக்கணக்கின் பயனை எளிதிற் கூறுவாம். வாணத்தின் வேகம், எரிந்த வாயு வெளிப்படும் வேகத்துக்கு ஒப்பாதல்வேண்டின், வெறுங்கலத்தின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு எரிபொருள் வேண்டும். அவ்வேகம் இரட்டித்தல் வேண்டின் 6.4 மடங்கும், மும்மடங்காதல் வேண்டின் 19 மடங்கும் வேண்டும். வேகம் கூட்டல் முறையில் ஏற, எரிபொருள் பெருக்கல் முறையில் ஏறும் என்பதே இதன் கருத்து. நிலவுலகைச் சுற்றிவரக் கணமொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகமும், அதன் ஈர்ப்பினின்றும் முற்றும் விடுபட 11.2 கிலோமீட்டர் வேகமும் வேண்டும். வெடிமருந்தின் புகை இதற்குப் போதாது எனக் கண்ட அவர், நீர்மமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் எரித்தல் வேண்டும் என்றார். தீத்தாரையினுள் சுக்கான் அமைத்துக் கலத்தைத் திருப்பும் முறையையும் காட்டினார். இவையெல்லாம் 1903-ஆம் ஆண்டில் ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தன. ரைட் சகோதரர் தம் விமானத்தில் முதன்முறை பறந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேதான் என்பதை எண்ணிப் பார்ப்போமாயின், அவர்தம் நோக்கின் நெடுமை புலனாகும்.

அவ்விதழை அக்காலத்துப் படித்தவர் மிகச் சிலர். பொருட்படுத்தியவர் அவரினும் சிலர். 1911, 1912-ஆம் ஆண்டுகளில் அக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவந்த பின்னரே அவர் பெயர் சற்றே பரவிற்று. அமெரிக்க நாட்டுக் காடார்டும் ஜெர்மன் மொழியில் நூல் செய்த ஒபெர்த்தும் இவரை அறியாமலே இவ்வழியிற் சென்றனர். ஒபெர்த்தின் நூல் 1923-இல் வெளிவந்தது. 1926-இல் காடார்டின் நீர்ம எரிபொருள் வாணம் முதன்முறை மேலெழுந்தது. சியோல்கோவ்ஸ்கி தம் வாணாளில் அத்தகைய வாணம் ஒன்றையேனும் செய்தாரல்லர். அவருடைய கருவிகள் தாளும் எழுதுகோலுமே.

மக்கள் செல்லும் முறை

பொறியை மட்டும் அனுப்புவதோடு அவர் உள்ளம் அமைதியுறவில்லை. மக்களே செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே அவர்க்கு வரக்கூடிய இன்னல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தார். விரைந்து மேலெழுங்கால் உடல் பன்மடங்கு பாரமாகும். இளமையிலேயே அவர் சுழற்பொறி செய்து, கரப்பான்பூச்சியின் எடையை 300 மடங்கும் கோழிக்குஞ்சின் எடையை 10 மடங்கும் மிகுவித்து, அவற்றுக்குத் தீங்கு நேராமை கண்டார். மேலே சென்றபின் எடையே இல்லாதொழியும். அங்கு மேலும் கீழும் இல்லை, ஊற்றிய நீர் உருண்டையாக நிற்கும் எனவும் எழுதினார். கலத்தினின்று வெளியே செல்வோர்க்குக் காற்றுப் புகா உடையும், உள்ளிருக்குங் காற்று வீணாகாவண்ணம் இரட்டைக் கதவுடைய அறையும் வேண்டும் என்றார். மூச்சுக்கும் உணவுக்கும் பயிர்களை உடன் வளர்த்தல் வேண்டும்; பயிர் நம் மூச்சைத் தூய்மையாக்கும், நாம் பயிருக்கு உரமளிப்போம் என அவர் கண்ட முறை, சிற்றளவில் ஒரு நிலவுலகையே உடன்கொண்டு செல்வது போன்றது.

1920-ஆம் ஆண்டு முழு நூலாக வெளிவந்த அவருடைய கதையொன்றில், பல நாட்டறிஞர் நம் இமயமலையில் ஒரு மாளிகையிற் கூடி வாழ்ந்து, 2017-ஆம் ஆண்டில் விண்கலம் சமைத்துச் செல்கின்றனர். நாடு கடந்த அறிஞர் கூட்டம் ஒன்றே இவ்வினைக்கு உரியது என்பது அவர் கருத்துப்போலும். 1926-இல் விண்வெளியை மக்கள் படிப்படியாக அடைதற்குரிய பதினாறு படிகளை வகுத்துரைத்தார். 1929-இல் வாணங்களைத் தொடராகப் பிணைத்து, எரிந்து தீர்ந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுச் செல்லும் முறையை விளக்கினார். பத்தொன்பது மடங்கு எரிபொருள் என்னும் மலையைக் கடத்தற்கு அதுவே வழியாயிற்று.

செல்லவேண்டுவது ஏன்?

நிலவுலகில் உணவின்றி வாடுவோர் பலராக, விண்ணுலகப் பயணம் எற்றுக்கு என்று வினவுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. சியோல்கோவ்ஸ்கி வறுமையை நூலிற் படித்தவர் அல்லர், அதனுள்ளேயே வாழ்ந்தவர். அவர் கூறிய விடை இது: கதிரவன் நாற்புறமும் வீசும் ஒளியில் நம் நிலவுலகின்மேல் வீழ்வது ஏறத்தாழ 200 கோடியில் ஒரு பங்கே. எஞ்சியதெல்லாம் வெளியிற் பரந்து கழிகின்றது. அவ்வொளியைப் பெற்று வாழ மனிதன் கற்பானாயின் வறுமைக்கே இடமிராது. அன்றியும், ஓரிடத்தே தங்கிய குலம் அவ்விடத்துக்கு அழிவு வருங்கால் உடனழியும். கதிரவனும் ஒருநாள் அவியக்கூடியது. ஆதலின் மக்கட்குலம் பல உலகங்களிற் பரவுதலே அதற்குக் காப்பு. 1911-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் நிலவுலகை அவர் தொட்டிலுக்கு ஒப்பிட்ட செய்தி உலகறிந்தது.

இவ்விடையை முழுதும் ஏற்கலாமோ? அவர் காலத்துக்குப்பின் நிகழ்ந்தவற்றையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். ஆளில்லாக் கலங்கள் கதிரவனைச் சூழ்ந்த கோள்கள் அனைத்தையும் அணுகிப் பார்த்துவிட்டன. மக்களோ சந்திரன் ஒன்றிலேதான், 1969 முதல் 1972 வரை பன்னிருவராக, அடிவைத்துள்ளனர். அறிவு பெறுதலே நோக்கமாயின் பொறிகள் பெரிதும் போதும் எனத் தோன்றுகிறது. அவ்வாறாயினும், சியோல்கோவ்ஸ்கி கருதியது அறிவுப்பேறு மட்டுமன்று, வாழ்வுப்பேறும் ஆகும். சென்று வாழக் கற்றற்குச் சென்றே ஆகவேண்டும். பொறிகள் முன்சென்று வழி காண, மக்கள் பின்சென்று வாழக் கற்பதே தக்கது. ஆனால் பிறவுலகில் வாழக் கற்பது இவ்வுலகைப் பாழாக்குதற்கு உரிமையாகாது. மூச்சுக்காற்றையும் நீரையும் அணுவணுவாகக் கணக்கிட்டு உடன்கொண்டு செல்லவேண்டும் என்ற அவர் போதனையே, அவற்றை விலையின்றி வழங்கும் இந்நிலவுலகின் அருமையை நமக்கு உணர்த்துகிறது.

மக்கள் இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, குறையுடைய உயிர்களை ஒழித்தல்வேண்டும் என்னும் போக்கில் அவர் எழுதியனவும் உள. அவற்றை நாம் ஏற்பதற்கில்லை. எல்லா உயிரும் இறைவன்முன் விலைமதிப்பரியன. செவி கேளாச் சிறுவன் ஒருவனை உலகம் குறையுடையான் எனத் தள்ளியிருக்குமாயின் இழப்பு யாருடையது என்பதற்கு அவர் வாழ்வே சான்றன்றோ?

இல்லறமும் இடுக்கணும்

பெரியோர் வரலாற்றை உரைப்பார் அவர்தம் இல்லத்தாரை மறந்துவிடுதல் வழக்கம். அது நேர்மையன்று. சியோல்கோவ்ஸ்கிக்கு மக்கள் எழுவர். அவருள் ஐவர் தந்தைக்கு முன்னரே மறைந்தனர். மூத்த மகன் இக்னாதி, மாஸ்கோவிற் பயிலும் மாணவனாயிருந்தபோது, 1902-ஆம் ஆண்டில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அடுத்த ஆண்டிலேதான் அவர் புகழுக்குக் காரணமான கட்டுரை வெளிவந்தது. 1908-ஆம் ஆண்டில் ஓக்கா ஆற்று வெள்ளம் வீட்டினுட் புகுந்து பொருள்களைக் கெடுத்தது. 1923-இல் மற்றொரு மகனும் அவ்வாறே உயிர் துறந்தான். சிறு சம்பளத்தின் ஒரு பகுதி கருவிகளுக்கும் அச்சுக்கூலிக்கும் செல்ல, எஞ்சியதைக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர் வார்வாரா அம்மையார். தம் வீட்டாரின் நலத்தைத் தாம் கடைசியிலேயே வைத்தமையைச் சியோல்கோவ்ஸ்கி தம் முதுமைக் காலத்துத் தாமே எழுதிவைத்துள்ளார். அவர் அடைந்த புகழில் அவ்வம்மையார்க்கும் பங்குண்டு. அவர் செலுத்திய விலையில் அப்பங்கு இன்னும் பெரிது. இதனை மறைத்து அவரைப் புகழ்வது அவர்க்கே பெருமை தாராது.

இறுதிக்காலமும் பின்விளைவும்

ஏறத்தாழ நாற்பதாண்டு ஆசிரியப் பணி புரிந்து ஓய்வுற்ற அவர்க்கு 1921-ஆம் ஆண்டிற் சோவியத் அரசியலார் வாணாள் உதவித்தொகை வழங்கினர். 1932-இல், எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், செங்கொடி உழைப்பு விருது அளித்துப் பாராட்டினர். தகரத்தாற் செய்த பெரிய ஊதுகுழல்களைச் செவியில் வைத்துக்கொண்டு, தம்மைக் காணவந்த இளைஞரோடு அவர் உரையாடுவார். கடிதம் எழுதினார்க்கெல்லாம் மறுமொழி வரைந்தார். 1923-இல் ஒடெஸ்ஸா நகரிலிருந்து அவர்க்குக் கடிதம் எழுதத் தொடங்கிய சிறுவன் ஒருவன், பின்னாளிற் பெரும்பொறியாளனாகி, முதல் விண்மனிதனை ஏற்றிச்சென்ற வாணத்தின் பொறிகளை அமைத்தான். வாலந்தின் குளூஷ்கோ என்பது அவன் பெயர். ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் எங்குச் சென்று பயன் விளைக்கும் என்பதை யாரறிவார்!

1935-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள், எழுபத்தெட்டாண்டு நிறைந்த இரண்டாம் நாளில், வயிற்றுப் புற்றுநோயால் சியோல்கோவ்ஸ்கி கலுகாவில் உயிர்நீத்தார். அவர் பிறந்து நூறாண்டு நிரம்பிய 1957-ஆம் ஆண்டின் அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைத் துணைக்கோள் நிலவுலகைச் சுற்றிற்று. 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் யூரி ககாரின் விண்ணிற் சென்று மீண்டார். அவ்வாண்டே கலுகாவில் எழுந்த பொருட்காட்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1965-இல் அலெக்ஸி லியோனவ், காற்றடைப்பு அறையின் வழியே வெளிவந்து வெற்றுவெளியில் மிதந்தார். சந்திரனின் மறுபுறத்துள்ள பெருங்குழி ஒன்று சியோல்கோவ்ஸ்கியின் பெயர் தாங்கி நிற்கின்றது. நம் நாட்டவராகிய இராகேஷ் சர்மா 1984-ஆம் ஆண்டில் ருஷ்யக் கலத்தில் விண்ணிற் சென்றதும் இவ்வழித்தே. அவர் 1903-இல் தாளில் எழுதிய ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரியும் பொறிகள், நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியிற் சோதிக்கப்பெறுகின்றன; 2023-ஆம் ஆண்டிற் சந்திரயான் மூன்றாம் கலத்தை ஏற்றிச்சென்ற வாணத்தின் மேலடுக்கு அத்தகைய பொறியால் இயங்கியதே.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! சியோல்கோவ்ஸ்கியின் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கன பல. கல்லூரி வாயில் அடைபட்டவர் நூல்நிலையத்தின் வாயிலைத் தட்டினார். நமக்கோ இரு வாயிலும் திறந்துள்ளன. பெருங்கருவிகள் இல்லாதவர் எண்ணையே கருவியாகக் கொண்டார். தம் உழைப்பின் பயனைத் தாம் காணமாட்டார் என்று அறிந்தும் உழைப்பை நிறுத்தினாரல்லர். பனைவிதை நடுபவன் அதன் நுங்கைத் தான் உண்பதை எண்ணி நடுவதில்லை. கனவு காண்டல் இளைஞர்க்கு இயல்பு. அக்கனவைக் கணக்கால் அளந்து, பொய்யெனின் விடிவதற்குள் விடுத்து, மெய்யெனின் வாழ்நாள் முழுவதும் பற்றி நிற்றல் அவர்க்குக் கடமை. அக்கடமையை நிறைவேற்றுங்கால் நம்மோடு இல்லத்தே வாழ்வாரையும் மறவாதிருப்போமாக. நாளை செவ்வாய்க் கோளில் மனிதன் முதலடி வைக்கும்பொழுது, அவன் கலத்தில் ஏற்றியிருக்கும் எரிபொருளின் அளவு, கலுகாவில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் ஒரு பள்ளியாசிரியர் எழுதிய கணக்கின்படியே அமைந்திருக்கும்.